மறு: தகவல் நிறைய இருந்தும் 'வாதம் இல்லை' என்கிறார்கள்

சத்துணவு பற்றிய கட்டுரையை "தகவல் இருக்கிறது, வாதம் இல்லை" என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் போட்டிருக்கும் பத்தியைப் படித்தேன். அவர் சொன்னது சரிதான்.

"1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார்" என்பதை யார் மறுக்கப்போகிறார்கள்? "காலை உணவைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தர வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். பணத்துக்கு எங்கே போவது என்று உடனே ஒருவர் எழுந்து நிற்பார். அப்படி மறுக்க ஆள் இருந்தால்தான் அது வாதம்.

அப்புறம் சான்று. திட்டம் வந்தது, மாணவர் சேர்க்கை கூடியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். சேர்க்கை கூடியதற்கு வேறு காரணமே இருந்திருக்காதா என்று கேட்டால்? சோறுதான் காரணம் என்று காட்ட, உணவு தந்த பள்ளிகளையும் தராத பள்ளிகளையும் ஒப்பிட்ட ஆய்வு வேண்டும். கிடைக்காவிட்டால் "ஒரு காரணமாக இருக்கலாம்" என்று இறங்கி வாருங்கள், தப்பில்லை.

அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டதைக் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே! சேர்க்கை கூடியதற்கு அது சான்றல்ல. ஆனால் உணவு பிள்ளைகளின் உரிமை என்று வாதாட நல்ல பிடிமானம். முன்னால் கொண்டுவாருங்கள்.