அம்மா மூளையா, அப்பா மூளையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மரபணுவையும் அறிவையும் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பலவற்றில் கேள்விக்குப் பின்னால் யாரோ யாரையோ குறை சொன்ன வலி தெரிகிறது. அந்த இடங்களில் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பிள்ளைகளின் அறிவு முழுக்க அம்மாவிடமிருந்துதான் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. அதைப் படித்ததிலிருந்து மகனுக்கு மார்க் குறைந்தால் மாமியார் என்னைத்தான் பார்க்கிறார். உண்மையா? (வாசகி, கரூர்)

பதில்: இல்லை. நிஜமான இரண்டு விஷயங்களை முறுக்கிச் செய்த செய்தி அது.

ஒன்று, எக்ஸ் குரோமோசோம். ஆண் பிள்ளைக்கு அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அதிலுள்ள சில மரபணுக்கள் பழுதானால் அறிவு வளர்ச்சி தடைபடும். ஃப்ராஜைல் எக்ஸ் என்ற குறைபாடு அப்படிப்பட்டது. ஆனால் பழுதானால் வளர்ச்சி நிற்கிறது என்பதால், அறிவைத் தருவதே அந்த மரபணு என்று ஆகிவிடாது. அச்சாணி கழன்றால் தேர் நின்றுவிடும். தேரை இழுப்பது அச்சாணி இல்லையே.

இன்னொன்று, 1990-களில் கேம்பிரிட்ஜில் எலிக் கருக்களில் நடந்த சோதனைகள். தாய்வழி மரபணுக்களை மட்டும் கொண்ட செல்கள், யோசனை நடக்கும் பெருமூளைப் புறணியில் அதிகம் தங்கின. தந்தைவழிச் செல்கள், பசி, தூக்கம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் போன்ற பகுதிகளில் தங்கின. அவை ஆய்வகத்தில் செயற்கையாகக் கலந்து உருவாக்கிய கருக்கள். அதிலிருந்து கரூரில் இருக்கும் ஒரு பையனின் கணக்கு மார்க்குக்கு வழி கிடையாது.

2018-ல் 2,69,867 பேரின் டி.என்.ஏ.வை அலசிய ஓர் ஆய்வு, நுண்ணறிவோடு தொடர்புள்ள 205 இடங்களைக் கண்டது. அவை பல குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் துளியளவு. அதில் அம்மா கொடுப்பது பாதி, அப்பா கொடுப்பது பாதி. மகனுக்குக் கண்பார்வை சரியாக இருக்கிறதா, தூக்கம் போதுகிறதா, எந்தப் பாடத்தில் பிடி விட்டுப்போனது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: அறிவில் 70 சதவீதம் மரபு என்று படித்தேன். 25 ஆண்டுகளாக ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். அப்படியானால் நான் செய்ததெல்லாம் வெறும் 30 சதவீதத்துக்குத்தானா? (ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, இந்த எண்ணைப் போலத் தவறாகப் படிக்கப்பட்ட எண் அறிவியலில் குறைவு.

அது வந்த வழி இது. 1979-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பூஷார்ட், பிறந்த கொஞ்ச நாளிலேயே பிரிக்கப்பட்டு வேறு வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினார். 1990-ல் அவர் குழு வெளியிட்ட கணக்குப்படி, அவர்களிடையே ஐ.க்யூ. வேறுபாட்டில் சுமார் 70 சதவீதத்துக்கு மரபு காரணம். இங்கே ‘வேறுபாட்டில்’ என்ற சொல்லைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு மாணவனின் அறிவை எடுத்து 70 பங்கு அப்பா அம்மா, 30 பங்கு பள்ளி என்று கூறு போட முடியாது. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் ஏற்றத்தாழ்வில் எவ்வளவு மரபோடு சேர்ந்து போகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும்.

மரபியலாளர் ரிச்சர்ட் லெவன்டின் 1970-ல் சொன்ன உதாரணத்தை உங்கள் ஊர் வயலுக்கு மாற்றிச் சொல்கிறேன். பல ரகம் கலந்த விதைநெல்லில் ஒரு கைப்பிடியை வாய்க்கால் தலைப்பில் இருக்கும் வயலில் விதைக்கிறீர்கள். நீரும் எருவும் எல்லாப் பயிருக்கும் ஒரே மாதிரி. அங்கே ஒரு பயிர் உயரம், ஒன்று குட்டை என்றால் அது விதையின் வேறுபாடுதான், 100 சதவீதம். இன்னொரு கைப்பிடி, தண்ணீர் எட்டாத கடைமடை வயலுக்குப் போகிறது. அங்கேயும் பயிருக்குப் பயிர் வேறுபாடு விதையால்தான். ஆனால் இந்த வயல் முழுக்கத் தழைத்ததற்கும் அந்த வயல் முழுக்க வாடியதற்கும் விதை காரணமா? தண்ணீர்தான் காரணம். பள்ளி என்பது அந்தத் தண்ணீர். மினசோட்டா ஆய்வில் கடும் வறுமையில் வளர்ந்தவர்கள் மிகக் குறைவு. அவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட தலைப்பு வயல் பயிர்கள்.

மரபு என்றால் மாற்ற முடியாதது என்ற எண்ணத்தையும் விட வேண்டும். ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற நோய் முழுக்க மரபணுவால் வருவது. புரதத்திலுள்ள ஃபீனைல்அலனின் என்ற சத்து உடைபடாமல் ரத்தத்தில் சேர்ந்து குழந்தையின் மூளையைக் கெடுத்துவிடும். 1960-களில் ராபர்ட் கத்ரி, குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்க வழி செய்தார். அந்தச் சத்தைக் கட்டுப்படுத்திய உணவைப் பிறந்த உடனேயே தொடங்கினால் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்கிறது. நோய் மரபணுவில், தீர்வு சாப்பாட்டுத் தட்டில்.

இன்னொன்றும் உங்களுக்குப் பயன்படும். 2010-ல் சுமார் 11,000 இரட்டையர் ஜோடிகளின் தகவலைச் சேர்த்துப் பார்த்தபோது, அறிவு வேறுபாட்டில் மரபின் பங்கு 9 வயதில் 41 சதவீதம், 12 வயதில் 55, 17 வயதில் 66. வயது ஏற ஏற அது கூடுகிறது. பிள்ளை தனக்குப் பிடித்த புத்தகத்தையும் நண்பர்களையும் தானே தேடிக்கொள்வதால் இப்படி ஆகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். ஆக, விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது அறிவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஒன்றாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்காரவைப்பதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் 2018-ல் வந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைத் தொகுத்ததில், கூடுதலாகப் பள்ளியில் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஐ.க்யூ.வை 1 முதல் 5 புள்ளி வரை உயர்த்துகிறது. 25 ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் உங்கள் வகுப்பைக் கடந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: கைரேகையை ஸ்கேன் செய்து மகளுக்கு எந்தப் படிப்பு பொருந்தும் என்று சொல்கிறார்களாம். பல ஆயிரம் ரூபாய். எச்சில் எடுத்து டி.என்.ஏ. பார்ப்பதும் உண்டாம். எடுக்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: இரண்டும் வேண்டாம். விரல் ரேகைகள் கருவின் 10-ஆவது வாரத்தை ஒட்டி உருவாகத் தொடங்கி ஐந்தாம் மாதத்துக்குள் நிலைத்துவிடும். டவுன் சிண்ட்ரோம் போன்ற சில குரோமோசோம் குறைபாடுகளில் ரேகையமைப்பு மாறியிருப்பது உண்மை. அந்தத் துளி உண்மையைக் காட்டித்தான், மகள் இன்ஜினீயரா டாக்டரா என்று சொல்லிவிடலாம் என விற்கிறார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. தெரிந்த வீட்டுப் பெண்ணுக்கு எடுத்த அப்படி ஓர் அறிக்கையை வாங்கிப் படித்தேன். ‘அன்பாகச் சொன்னால் கேட்பாள்’, ‘பிடித்த பாடத்தில் ஆர்வம் காட்டுவாள்’ என்று இருந்தது. எந்தக் குழந்தைக்குத்தான் இது பொருந்தாது?

டி.என்.ஏ. விஷயம் வேறு, அது நிஜமான ஆராய்ச்சி. ஆனால் 11 லட்சம் பேரை வைத்து 2018-ல் வந்த மிகப் பெரிய ஆய்வில்கூட, எத்தனை ஆண்டு படிப்பார்கள் என்ற வேறுபாட்டில் 11 முதல் 13 சதவீதத்தைத்தான், பல மரபணு வேறுபாடுகளைக் கூட்டிப் போடும் மரபணு மதிப்பெண்ணால் விளக்க முடிந்தது. அவர்கள் எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்தக் கணக்கு நம் மக்களுக்கு அப்படியே பொருந்தாது. ஒரு தனிப் பிள்ளையின் வாழ்க்கையை அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்தப் பணத்தில் மகளை அவள் ஆசைப்படும் வகுப்பு இரண்டில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் அத்தை மகன், மாமன் மகள். மூத்தவனுக்கு 4 வயது. பேச்சும் புரிதலும் தாமதம். சொந்தத்தில் கட்டியதால்தானா? அடுத்த குழந்தைக்குப் பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, தம்பி. முதலில் பையனின் காது கேட்கும் திறனைச் சோதித்தீர்களா? பேச்சுத் தாமதத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுதான். தைராய்டும் பார்க்க வேண்டும்.

சொந்தத்தைப் பற்றி: எல்லோரிடமும் செயல்படாத மரபணுப் பிரதிகள் சில இருக்கின்றன. இன்னொரு நல்ல பிரதி இருப்பதால் தெரிவதில்லை. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி என்றால், ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. எந்தத் தம்பதிக்கும் 2, 3 சதவீதம் இருக்கும் பிறவிக் குறைபாட்டு ஆபத்து, உங்களைப் போன்றவர்களுக்கு மேலும் 2, 3 சதவீதம் கூடும். தாய்மாமனைக் கட்டிய வீடுகளில் இன்னும் அதிகம். அப்படிப் பார்த்தாலும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சொந்தத் திருமணம்தான் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு.

அடுத்த குழந்தைக்கு முன், ஒரு மரபியல் மருத்துவரிடம் மூத்தவனைக் காட்டுங்கள். இருவரிடமும் இருக்கும் ஒரே பழுதுதான் காரணம் என்று தெரிந்தால், அடுத்த கருவுக்கு ஆபத்து 25 சதவீதம். எந்த மரபணு என்று தெரிந்துவிட்டால் கர்ப்ப காலத்திலேயே சோதிக்க முடியும். காரணம் தெரியும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். அப்புறம், வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை.

கேள்வி: ராமானுஜனின் குடும்பத்தில் வேறு கணித மேதை இல்லையே? அப்படியானால் மரபு எங்கே? (கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பதில்: அருமையான கேள்வி. அப்பா துணிக்கடையில் கணக்கர். அம்மா கோயிலில் பாடியவர். டேவிட் லிக்கன் என்ற உளவியலாளர் 1992-ல் ஒரு விளக்கம் சொன்னார். சில திறன்கள் மரபணுக்களைக் கூட்டிக் கூட்டி வருவதில்லை; ஒரு குறிப்பிட்ட சேர்க்கை அமைந்தால் மட்டுமே வரும். 6 எண் பூட்டில் 5 எண் சரியாக இருந்தாலும் திறக்காது அல்லவா, அதைப் போல. அடுத்த தலைமுறைக்குப் பாதிதான் போகும் என்பதால் சேர்க்கை கலைந்துவிடுகிறது. அதனால்தான் மேதை தனியாகத் தோன்றித் தனியாக மறைகிறார். இது கருதுகோள்தான், ஆனாலும் என் மனத்துக்குப் பிடித்தது.

அந்தச் சேர்க்கையும் தனியாக எதையும் செய்திருக்காது. 16 வயது வாக்கில் ஜி.எஸ். கார் தொகுத்த கணிதப் புத்தகம் உங்கள் ஊரில் அவர் கைக்கு வந்தது. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறியதால் அதே ஊர்க் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். தேர்வுகளின் கண்ணுக்கு இப்படிப்பட்டவர்கள் தப்புவது புதிதில்லை. 1921-ல் ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் கலிஃபோர்னியாவின் புத்திசாலிப் பிள்ளைகளை ஐ.க்யூ. வைத்துப் பொறுக்கினார். மதிப்பெண் போதாமல் சேர்க்கப்படாத இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயி ஆல்வரெஸும், பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்கள்.

கேள்வி: எனக்கு வலது மூளை அதிகம் வேலை செய்கிறது, அதனால் ஓவியம் வருகிறது என்கிறார்கள். சரியா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: சரியில்லை. 2013-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1,011 பேரின் மூளை ஸ்கேன்களைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் ஓங்கியிருக்கும் ஆட்கள் என்று யாரையும் பிரிக்க முடியவில்லை. படைப்பாற்றலில் தெரிவது வேறு. சும்மா மனத்தை அலையவிடும்போது இயங்கும் வலைப்பின்னல் ஒன்று. கவனத்தைக் குவித்துத் தேறாததைத் தள்ளும் வலைப்பின்னல் இன்னொன்று. பொதுவாக ஒன்று எழும்போது மற்றது அடங்கும். புதுமையாக யோசிப்பவர்களிடம் இரண்டும் கைகோத்து வேலை செய்கின்றன. படம் வரையும்போது கை தானாக ஓடுவதும், நடுவில் நின்று ‘இந்தக் கோடு வேண்டாம்’ என்று அழிப்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

கேள்வி: கவிதை எழுதுகிறேன். பைபோலார் என்று லித்தியம் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை போட்டால் எழுத்து வறண்டுவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா? (ஊர் வேண்டாம்)

பதில்: நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். லித்தியத்தைத் திடீரென்று விட்டால் நோய் திரும்பும் ஆபத்தும் உயிராபத்தும் கூடும்.

பைபோலாருக்கும், அதாவது மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்க்கும், படைப்பாற்றலுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஸ்வீடனில் சுமார் 12 லட்சம் நோயாளிகளையும் உறவினர்களையும் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். படைப்புத் தொழில்களில் பைபோலார் உள்ளவர்கள் அதிகம். ஆனால் நோய் வராத அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் அதே தொழில்களில் அதிகம் இருந்தார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. குடும்பத்தில் ஓடும் ஏதோ ஒன்று எழுத்துக்கு உதவுகிறது. அதற்கு நோய் முற்ற வேண்டியதில்லை. நோய் கடுமையாக இருக்கும் நாட்களில் யாராலும் எழுத முடிவதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஷோ 1979-ல் லித்தியம் சாப்பிடும் 24 கலைஞர்களிடம் கேட்டார். 12 பேர் முன்னைவிட அதிகம் படைத்ததாகச் சொன்னார்கள், 6 பேருக்கு மாற்றமில்லை, 6 பேருக்குக் குறைந்தது. உங்களுக்குக் குறைவதாகத் தோன்றினால் மருத்துவரிடம் அதையே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அளவை மாற்ற வழி உண்டு. மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம். எழுதுங்கள், எழுதியதை எனக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: 3 மாதம் கர்ப்பம். குழந்தை அறிவாளியாகப் பிறக்க மொசார்ட் இசை கேட்கச் சொல்கிறார்கள், குங்குமப்பூவும். வேறு என்ன செய்யலாம்? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: வாழ்த்துகள் அம்மா. மொசார்ட் கதை 1993-ல் 36 கல்லூரி மாணவர்களிடம் நடந்த சோதனையிலிருந்து வந்தது. இசை கேட்ட பிறகு ஒரு வகைப் புதிரில் அவர்கள் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள்; அந்தப் பலனும் 10, 15 நிமிடத்தில் போய்விட்டது. கருவிலிருக்கும் குழந்தையை அதில் சோதிக்கவே இல்லை. பிடித்த பாட்டைக் கேளுங்கள், மனம் லேசாகும். குங்குமப்பூவுக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை.

அயோடின் முக்கியம். கர்ப்பத்தின் முதல் பாதியில் குழந்தையின் மூளை உங்கள் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. அயோடின் சேர்க்காத கல் உப்பும் இந்துப்பும் இப்போது வேண்டாம். பாக்கெட்டில் அயோடின் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தைராய்டு பரிசோதனை செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். ஈயம் குழந்தையின் மூளைக்கு எந்த அளவிலும் நல்லதல்ல; பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வேலை, பேட்டரி உருக்கும் இடம் பக்கம் போக வேண்டாம். மஞ்சளை முழுதாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்று தெரிய ஈயம் கலந்த நிறமி சேர்ப்பது சில இடங்களில் பிடிபட்டிருக்கிறது. குழந்தை பிறந்ததும் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் குதிகால் ரத்தத்தில் தைராய்டு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறை இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும்.