ரெவிட் படிக்கப் புத்தகம் தேடுகிறீர்களா? முதலில் பதிப்பைப் பாருங்கள்

கேள்வி: மகன் பாலிடெக்னிக்கில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கட்டட வடிவமைப்புக்கான ரெவிட் மென்பொருளைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டான். விளம்பரத்தைப் பார்த்து, ‘முழுப் பயிற்சி நூல் தொகுப்பு’ ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். ஸ்பைரல் போட்ட மூன்று ஜெராக்ஸ் புத்தகங்களும் ஒரு பென் டிரைவும் வந்தன. அவன் கணினியில் இருப்பது ரெவிட் 2024. சரிவான நிலத்தை வரையும் பாடத்தில் புத்தகம் சொல்கிற பட்டனே திரையில் இல்லை. விற்றவரிடம் கேட்டால், ‘புத்தகம் சரிதான், பையனுக்குத்தான் புரியவில்லை’ என்கிறார். நல்ல புத்தகம் எங்கே கிடைக்கும்?
– வாசகி, தக்கலை

பதில்: உங்கள் மகனுக்குப் புரியாமல் இல்லை. அந்தப் பட்டன் உண்மையிலேயே இல்லை. சரிவு நிலத்தை வரைய முன்பு ரெவிட்டில் ‘டோப்போசர்ஃபேஸ்’ என்ற கருவி இருந்தது. 2024 பதிப்பில் அதை எடுத்துவிட்டு ‘டோப்போசாலிட்’ என்ற வேறு கருவியைக் கொடுத்துவிட்டார்கள். பெயரோடு வேலை செய்யும் விதமும் மாறிவிட்டது. பழையது வெறும் மேற்பரப்பு. புதியது தடிமன் உள்ள திடப்பொருள், தரையைப் போல அடுக்கடுக்காக அமைக்கலாம். நம் குமரி மாவட்டத்தில் தக்கலையைத் தாண்டி மலையோரம் போனால் சமமான விளை (தோட்டம்) எங்கே இருக்கிறது? ரப்பர் விளையின் சரிவில் வீடு கட்டுகிற ஊரில் படிக்கும் பையனுக்கு முதலில் தேவைப்படும் பாடமே இதுதான். அந்த இடத்திலேயே பழைய புத்தகம் அவனைக் கைவிட்டிருக்கிறது.

ஆகவே கடை எது, விலை என்ன என்று கேட்பதற்கு முன், ‘எந்த ஆண்டுப் பதிப்புக்கு எழுதியது?’ என்று கேளுங்கள். ரெவிட்டுக்கு ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது. புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. கல்லூரியில் ஒரு பதிப்பு, வீட்டில் அதைவிடப் பழையது, புத்தகம் இன்னொன்று என்று இருந்தால் பையன் பாடத்தைப் படிக்க முடியாது, பிழைச்செய்தியோடு மல்லுக்கட்டத்தான் நேரம் இருக்கும். மூன்றும் ஒரே ஆண்டாக இருக்கும்படி முதலில் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, ரெவிட்டின் அதிகாரபூர்வக் கையேட்டுக்குப் பைசா செலவழிக்கவே வேண்டாம். மென்பொருளைத் திறந்து எஃப்1 விசையை அழுத்தச் சொல்லுங்கள். தயாரிப்பு நிறுவனமான ஆட்டோடெஸ்க்கின் உதவிப் பக்கம் திறக்கும். பக்கத்தில் எந்த ஆண்டுப் பதிப்பு என்று தேர்ந்தெடுக்கலாம். கருவி வாரியாக விளக்கமும் தொடக்கநிலைப் பாடங்களும் அங்கேயே இருக்கின்றன. ஜெராக்ஸ் போட்டு விற்கப்படும் ‘தொகுப்பு’களில் பல, இப்படி இலவசமாகக் கிடைப்பவற்றின் பழைய நகல்களே. மென்பொருளையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தகுதியுள்ள கல்வி நிறுவனத்தில் படிக்கும் மாணவருக்கு ஆட்டோடெஸ்க் ஓராண்டு இலவச அனுமதி தருகிறது, படிப்பு தொடரும்வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். மகனின் பெயர், கல்லூரிப் பெயர், தேதி மூன்றும் தெளிவாகத் தெரியும் ஆவணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கட்டும்.

ரெவிட் விண்டோஸில் மட்டுமே ஓடும், அண்மைப் பதிப்புகளுக்கு 16 ஜிபி ராம் வேண்டும். புதிதாக லேப்டாப் வாங்கும் எண்ணம் இருந்தால் இதை மனத்தில் வையுங்கள்.

அப்படியானால் புத்தகமே வேண்டாமா? வேண்டும். உதவிப் பக்கம் ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும் என்று சொல்லும். ஒரு வீட்டை அடித்தளத்திலிருந்து கூரை வரை எந்த வரிசையில் வரைவது என்று கூடவே நடத்திக் கூட்டிப்போவது நல்ல புத்தகம்தான். அச்சுப் புத்தகம் வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். அட்டையில் பதிப்பாண்டு இருக்க வேண்டும். பயிற்சிக் கோப்புகளை இறக்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும். அவை இல்லாத புத்தகம் பாதிப் புத்தகம், பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது இதைத்தான் மறந்துவிடுகிறோம். மூன்றாவது, அளவு முறை. அமெரிக்காவில் எழுதிய நூல்கள் அடி, அங்குலத்தில் கணக்கிட்டு, மரச்சட்டத்தில் எழுப்பும் சுவரைத்தான் பாடமாக வைக்கும். நமக்கு வேண்டியது 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர், லிண்டல், சன்ஷேடு. இரண்டு பருவமழையும் பார்க்கிற ஊர் என்பதால் சாய்வுக் கூரையும் வேண்டும். அந்த நூலில் மென்பொருளைக் கற்கலாம். ஆனால் பயிற்சிக்கு உங்கள் வீட்டையே டேப் பிடித்து அளந்து வரையச் சொல்லுங்கள். அதோடு, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ஐயும் இறக்கி வைத்துக்கொள்ளட்டும். வீட்டைச் சுற்றிப் பக்க இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்பதை எந்த வெளிநாட்டு நூலும் சொல்லித்தராது.

இனி, விற்றவர் விஷயம். எந்தப் பதிப்புக்கான நூல் என்று சொல்லாமல் விற்றது அவர் தவறு. விளம்பரத்தின் படம், பணம் அனுப்பிய ரசீது இரண்டையும் எடுத்துவைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். பென் டிரைவில் மென்பொருளின் ‘கிராக்’ பிரதி ஏதும் இருந்தால் தயவுசெய்து கணினியில் ஏற்ற வேண்டாம். வைரஸ் ஒருபுறம் இருக்கட்டும், திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் தண்டனைக்குரிய குற்றம்.

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் ஆட்டோகேட், ரெவிட், ஸ்கெட்ச்அப் என்ற வரைபட மென்பொருள்கள் மூன்றும் ஆறு மாதத்தில் என்று மகளைச் சேர்த்தோம். 32,000 ரூபாயை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். ‘சர்வதேசச் சான்றிதழ், நூல்கள் இலவசம்’ என்றார்கள். இரண்டாம் மாதத்தில் ஆசிரியர் போய்விட்டார். இப்போது வீடியோவைப் போட்டுவிட்டு ‘பார்த்துப் படி’ என்கிறார்கள். நூல் என்று கொடுத்தது நாற்பது பக்கக் குறிப்பு. ‘கட்டிய பணம் திரும்பத் தரப்பட மாட்டாது’ என்று விண்ணப்பத்தில் அச்சடித்திருக்கிறார்கள், நாங்கள் கையெழுத்தும் போட்டுவிட்டோம். இனி வழியுண்டா?
– வாசகர், குழித்துறை

பதில்: உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பின்வாங்க வேண்டாம். சொன்ன பாடத்தை நடத்தாமல் பணத்தை மட்டும் பிடித்துவைக்க அந்த ஒரு வரி போதாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றே வகைப்படுத்துகிறது. ‘கல்வி என்பது சேவை ஆகாது, நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது’ என்று மையத்தார் சொல்லக்கூடும். பல்கலைக்கழகம், கல்லூரி விஷயத்தில் அப்படித் தீர்ப்புகள் இருக்கின்றன. ஆனால் பயிற்சி மையங்கள் நுகர்வோர் ஆணையத்தின் வரம்புக்குள் வரும் என்று தேசிய ஆணையமே 2020-இல் சொல்லியிருக்கிறது.

முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், என்னவெல்லாம் தருவதாகச் சொன்னார்கள், எத்தனை வகுப்பு நடந்தது, ஆசிரியர் எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, நீங்கள் கேட்பது என்ன. இவ்வளவு போதும். கோபத்தை எழுத வேண்டாம், தேதியை எழுதுங்கள். பதில் தரக் கெடு குறித்து, ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்ஆப்பில் அவர்கள் அனுப்பிய விளம்பரத்தை அழித்துவிடாதீர்கள். வழக்குக்கு அதுதான் உயிர். பணத்துக்கு ரசீது தரவில்லை என்றால் அதையும் கடிதத்தில் சேருங்கள். ரசீது தராமலிருப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று சட்டம் சொல்கிறது.

மசியவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். மையத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

‘சர்வதேசச் சான்றிதழ்’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு சொல்லுக்காகவே பல வீடுகளில் நகையை அடகு வைக்கிறார்கள். மையம் தானே அச்சடித்துத் தருவது, ‘வகுப்பில் இருந்தார்’ என்பதற்கான சான்று. ஆட்டோடெஸ்க்கின் திறன் சான்றிதழ் வேறு. அதற்குத் தனியாகத் தேர்வு உண்டு. ‘நீங்கள் தருவது எது?’ என்று மையத்தாரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வேலை தருகிற இன்ஜினீயர் அலுவலகத்தில் இரண்டையும்விட, உங்கள் மகள் தானே வரைந்த வீட்டு வரைபடத்தைத்தான் முதலில் காட்டச் சொல்வார்கள்.

இனி சேரப்போகிறவர்களுக்கு: பாடத்தின் விளக்கம் இலவசமாகவே கிடைக்கும் காலத்தில், மையத்துக்குப் பணம் கொடுப்பது ஒரே காரணத்துக்காகத்தான். நீங்கள் வரைந்ததைப் பார்த்து, இந்தச் சுவர் ஏன் இங்கே முட்டுகிறது, படிக்கட்டு ஏன் தலையில் இடிக்கும் என்று உட்கார்ந்து திருத்தித் தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார், வாரத்தில் எத்தனை நாள் இருப்பார் என்று கேட்டு, ஒரு வகுப்பு இருந்து பார்த்துவிட்டு, கட்டணத்தைத் தவணையாகக் கட்டுங்கள். 5 சென்டில், அதாவது 2,178 சதுர அடி மனையில், ஒரு வீட்டின் தளவரைபடமும் குறுக்குவெட்டும் தானே வரையும் அளவுக்குக் கொண்டுவருவீர்களா என்று கேளுங்கள். தயங்காமல் ஆமாம் என்று சொல்லி, பழைய மாணவர் வரைந்ததை எடுத்துக் காட்டும் மையம் நல்ல மையம்.

கேள்வி: நான் இருபது வருடமாக வீடு கட்டிக்கொடுக்கும் கொத்தனார். இன்ஜினீயர் தரும் பிளானைப் படிப்பேன், ஆனால் கணினியில் வரையத் தெரியாது. இங்கிலீஷும் அவ்வளவாக வராது. தமிழில் படிக்க ஏதாவது உண்டா? மகன் பழைய ஆட்டோகேட் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறான், அது ஆகுமா?
– வாசகர், கருங்கல்

பதில்: ஆகும். வரைபடத்தைப் பார்த்ததும் கட்டடம் கண்ணில் தெரிகிறதே, மற்றவர்கள் படாதபாடுபட்டுக் கற்பது அதைத்தான்.

ஆட்டோகேட் 1982-இல் வந்தது. திரையின் தோற்றம் பலமுறை மாறினாலும், கட்டளைச் சொற்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. லைன் (கோடு), ஆஃப்செட் (இணைகோடு), ட்ரிம் (வெட்டுதல்) என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் இன்றும் வேலை நடக்கும். அதனால் பழைய புத்தகத்தில் படத்தை விட்டுவிட்டுக் கட்டளையைப் பின்தொடருங்கள். ட்ரிம்மில் மட்டும் ஒரு மாற்றம்: வெட்டும் எல்லைக்கோட்டை முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பழைய புத்தகம், 2021 பதிப்பிலிருந்து வெட்ட வேண்டிய துண்டை நேரே தொட்டாலே போய்விடும். புதிய வரைபடம் தொடங்கும்போது ‘அகாட் ஐஎஸ்ஓ’ என்ற மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் அளவு மில்லிமீட்டரில் வரும்.

புத்தகத்துக்கு நான் முதலில் சொல்வது ஐடிஐ பாடநூல்தான். சென்னை கிண்டியில் உள்ள ‘நிமி’ என்ற மத்திய அரசு நிறுவனம் ஐடிஐ தொழிற்பிரிவுகளுக்கு நூல் வெளியிடுகிறது. சிவில் டிராப்ட்ஸ்மேன் பிரிவின் செய்முறை நூலில், கையால் வரைவதில் தொடங்கிக் கணினி வரைபடம் வரை படிப்படியாக வரும். நம் நாட்டுச் செங்கல், நம் நாட்டு அளவு. பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தில் இந்த வரிசை நூல்களை இலவசமாகப் படிக்கலாம், சில பிரிவுகளுக்குத் தமிழிலும் உண்டு. நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசு ஐடிஐக்கு ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். எந்த நூல், எந்தப் பகுதி என்று அங்கே காட்டித் தருவார்கள். காதால் கேட்டுப் படிக்க, ஐஐடி பம்பாயின் ‘ஸ்போக்கன் டுட்டோரியல்’ இருக்கிறது. இலவச மென்பொருள்களுக்கான பாடங்கள், தமிழ்க் குரலிலும் பல கிடைக்கின்றன.

ஆட்டோகேட்டுக்குச் சந்தா கட்ட முடியாது என்றால் லிப்ரெகேட் போதும். இலவசம், தளவரைபடம் வரைய ஏற்றது, சாதாரணக் கணினியிலும் ஓடும். முப்பரிமாணம் வேண்டுமென்றால் ஃப்ரீகேட். 2024 நவம்பரில் வந்த அதன் 1.0 பதிப்பில் கட்டட வடிவமைப்புக்கான பகுதி உள்ளேயே சேர்ந்திருக்கிறது, கையேடும் இலவசம். ஆனால் அது ஆங்கிலத்தில்தான் அதிகம், அதற்கு மகனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கேள்வி: மாணவருக்கான இலவச ஆட்டோகேட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிளான் வரைந்து 3,000 ரூபாய் வாங்கலாமா?
– மாணவர், ஆசாரிபள்ளம்

பதில்: கூடாது தம்பி. அந்த அனுமதி படிப்புக்கு மட்டும். கூலி வாங்கி வரைவதாக இருந்தால் மேலே சொன்ன லிப்ரெகேட்டில் வரையுங்கள், அதில் தொழிலுக்கும் தடையில்லை. ஆனால் நீங்கள் வரைந்ததை அனுமதிக்குக் கொடுக்கும்போது, பதிவு பெற்ற இன்ஜினீயரோ ஆர்க்கிடெக்டோ சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியிருக்கும். வரையத் தொடங்கும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.