217 லிட்டர் கொடுத்து 25 லிட்டர் மிச்சம் பிடிக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் இரண்டு கார், இரண்டும் பெட்ரோல். ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டியைக் கணவர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 10 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 900 அவர் அலுவலகம் போய்வருவது, மீதி 300 வார இறுதிகளில் அவருடைய அண்ணன் குடும்பம் எடுத்துப்போவது. வண்டி திரும்பி வரும்போது பெட்ரோல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். என் சின்ன கார் லிட்டருக்கு 20 கொடுக்கும், மாதம் 500 கிலோமீட்டர். பெரிய வண்டியின் கடன் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அந்தத் தவணையும் எங்கள் மாத பெட்ரோல் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். இப்போது விற்றால் பாக்கியைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் கணவரின் அண்ணன், “பெரிய வண்டியை மட்டும் விற்றுவிடாதீர்கள், குடும்பத்துக்கு அது வேண்டும். சின்னதைக் கொடுத்துவிட்டு மின்சார கார் வாங்குங்கள். மிச்சமாகும் பெட்ரோல் காசே தவணையைக் கட்டிவிடும்” என்கிறார். மின்சார காருக்கு ஏழு வருடக் கடன்; தவணை எங்கள் மொத்த பெட்ரோல் செலவைப் போல ஒன்றரை மடங்கு வரும். ஷோரூமில் பிளக்-இன் ஹைப்ரிட் (பெட்ரோலிலும், பிளக்கில் சார்ஜ் போட்டும் ஓடும் கார்) எடுக்கவும் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், எரிபொருள் குழாயில் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று காந்தம் ஒன்று விற்கிறார். சுற்றுச்சூழலுக்கும் நல்லது செய்ய வேண்டும் என்று ஆசை. எது சரி?

பதில்: சகோதரி, டயரில் காற்று பாருங்கள், வெடுக்கென்று முடுக்காதீர்கள் என்றெல்லாம் எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. கிலோமீட்டர் கணக்கை இவ்வளவு ஒழுங்காக எழுதியவருக்கு அதெல்லாம் தெரிந்திருக்கும். தெரியாமல் இருப்பது ஒன்றுதான்: உங்கள் பெட்ரோல் யாருக்காக எரிகிறது என்பது.

எல்லாவற்றையும் லிட்டரிலேயே போடுவோம். விலை ஏறினாலும் இறங்கினாலும் எரிபொருள் கணக்கு மாறாது. தவணையை மட்டும் இன்றைய விலையில் லிட்டராக மாற்றிச் சொல்கிறேன்.

பெரிய வண்டி 1,200 கிலோமீட்டருக்கு 120 லிட்டர். சின்னது 500 கிலோமீட்டருக்கு 25 லிட்டர். மொத்தம் 145. இப்போது சின்ன காரைக் கொடுத்துவிட்டு மின்சார கார் வாங்கினால், அதிகபட்சம் மிச்சமாவது அந்த 25 லிட்டர். அதிலும் மின்சாரச் செலவைக் கழிக்க வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்று வைத்தால் மாதம் 80 யூனிட். அதையும் விட்டுவிடுவோம், மின்சாரம் இலவசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தவணை மொத்த பெட்ரோல் செலவைப் போல ஒன்றரை மடங்கு என்றீர்கள், அதாவது சுமார் 217 லிட்டர். 25 லிட்டர் மிச்சம் பிடிக்க மாதாமாதம் 217 லிட்டர் கட்டுகிறீர்கள். ‘பெட்ரோல் காசே தவணையைக் கட்டிவிடும்’ என்று சொன்னவர் கணக்குப் போட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

சரி, கடனே இல்லாமல் ஒன்று செய்து பாருங்கள். நாளையிலிருந்து சாவியை மாற்றிக்கொள்ளுங்கள். கணவர் சின்ன காரில் அலுவலகம் போகட்டும்: 900 கிலோமீட்டர், 45 லிட்டர். நீங்கள் பெரியதை ஓட்டுங்கள்: உங்கள் 500, அண்ணன் வீட்டின் 300, ஆக 80 லிட்டர். மொத்தம் 125. மாதம் 20 லிட்டர் குறைந்துவிட்டது. ஏழு வருடக் கடன் போட்டு வாங்கும் காரின் 25 லிட்டருக்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் 5 லிட்டர். நெரிசலில் இரண்டு வண்டியுமே கொஞ்சம் குறைவாகக் கொடுக்கும், அதனால் முன்பின் இருக்கலாம். கணக்கின் போக்கு மாறாது.

இது ஏன் நம் கண்ணில் படுவதில்லை என்றால், நாம் மைலேஜ் என்ற எண்ணையே பிடித்துக்கொண்டிருப்பதால்தான். 20 கொடுக்கும் வண்டிக்குப் பதில் 25 கொடுக்கும் வண்டி வந்தால் பெரிய முன்னேற்றமாகத் தெரிகிறது. 10 கொடுக்கும் வண்டி 12 ஆனால் அற்பமாகத் தெரிகிறது. 1,000 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவதில் 50 லிட்டர் 40 ஆகிறது, 10 மிச்சம். இரண்டாவதில் 100 லிட்டர் 83 ஆகிறது, 17 மிச்சம். ரிச்சர்ட் லாரிக், ஜாக் சால் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் இந்தக் குழப்பத்தைச் சோதித்து எழுதினார்கள். படித்தவர்களும் இதில் தவறுகிறார்கள். இனி யார் மைலேஜ் சொன்னாலும் “100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்?” என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் வீட்டில் மாற்ற வேண்டிய வண்டி எது என்பது உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த வார இறுதி. 300 கிலோமீட்டர், 30 லிட்டர். உங்கள் சின்ன கார் மாதம் முழுக்கக் குடிப்பது 25. அண்ணன் வீட்டு வார இறுதிக்கு நீங்கள் ஊற்றுவது உங்கள் சொந்தப் போக்குவரத்துக்கு ஊற்றுவதைவிட அதிகம். இதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அது தனி பில்லாக வருவதில்லை. திங்கட்கிழமை காலை டேங்க் நிரப்பும்போது உங்கள் செலவாகவே வருகிறது.

ஆனால் 30 லிட்டர்கூட இதில் சின்ன விஷயம். ஏழு பேர் உட்காரும் வண்டியில் தினமும் ஒருவர் தனியாகப் போய்வருகிறார், மீதி ஆறு இருக்கையும் அண்ணன் குடும்பத்துக்காகக் கூடவே போய்வருகின்றன. கனமான வண்டியை ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்தி மறுபடி கிளப்பும்போது அந்தக் கனத்துக்கும் சேர்த்துத்தான் பெட்ரோல் எரிகிறது. இந்தப் பழக்கத்தைத்தான் நிறுத்த வேண்டும் என்கிறேன்: உறவுக்காரர் எப்போதோ கேட்பதற்காக ஒரு வண்டி, அந்த வண்டிக்காக ஒரு கடன், அந்தச் செலவைச் சமாளிக்க இன்னொரு கடன். மூன்றாவது படியில் இப்போது காலை வைக்கப் போகிறீர்கள்.

கடனைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். வட்டி 10 சதவீதம் என்று வைத்து 100 வாங்கினால் ஏழு வருடத்தில் 139 திருப்பிக் கட்டுவீர்கள். மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 100க்கு 65 பாக்கி நிற்கும், ஏனென்றால் ஆரம்பத் தவணைகளில் ஏறக்குறைய பாதி வட்டிக்குப் போகிறது. மின்சார கார் விஷயத்தில் இது இன்னும் இடிக்கும். பேட்டரித் தொகுப்பின் விலை 2010க்கும் 2023க்கும் இடையில் ஏறத்தாழ 90 சதவீதம் விழுந்திருக்கிறது. புது வண்டி மலிவாகவும் அதிக தூரம் ஓடுவதாகவும் வர வர, பழைய வண்டிக்கு மறுவிற்பனையில் கிடைப்பது குறையும். பேட்டரிக்கு 8 வருடம் உத்தரவாதம் கொடுப்பது வழக்கம். உங்கள் கடனோ 7 வருடம். கடன் முடிந்து வண்டி முழுதாக உங்களுடையதாகும்போது உத்தரவாதத்தில் ஒரே வருடம் மீதி இருக்கும்.

மின்சார கார் வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டி நல்ல வண்டிதான். பெட்ரோல் எஞ்சின் எரிப்பதில் 12 முதல் 30 சதவீதம் ஆற்றல்தான் சக்கரத்துக்குப் போகிறது, மிச்சமெல்லாம் பெரும்பாலும் வெப்பம். மின்சார காரில் முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்தை எட்டுகிறது. கணவரின் 900 கிலோமீட்டருக்குப் பெரிய வண்டி எரிக்கும் 90 லிட்டரில் ஏறக்குறைய 800 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதே தூரத்தை மின்சார கார் 144 யூனிட்டில் முடித்துவிடும், சார்ஜ் ஆகும்போது போகும் இழப்பைச் சேர்த்தால் கொஞ்சம் கூட. ஆக அந்தக் கார் வந்தால் மாற்ற வேண்டியது இந்த 900ஐ. உங்கள் 500ஐ மாற்றுவது ஷோரூமுக்கு லாபம்.

பிளக்-இன் ஹைப்ரிட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். காகிதத்தில் அழகு. ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சாலையில் ஓடும் இத்தகைய கார்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, சோதனைக்கூடத்தில் அளந்த அளவைப் போல சராசரியாக மூன்றரை மடங்கு. காரணம் சாதாரணமானது: மக்கள் ஒழுங்காக சார்ஜ் போடுவதில்லை, பெட்ரோலிலேயே ஓட்டுகிறார்கள். கனமான பேட்டரியையும் சுமந்துகொண்டு. தினமும் தவறாமல் பிளக் செருகுவீர்கள் என்றால் சரி. இல்லையென்றால் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பெட்ரோல் கார் அது.

காந்தத்தை வாங்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி 100க்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசீலித்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் ஒன்றுகூட அதில் கிடைக்கவில்லை. தெரிந்தவர் விற்கிறார் என்பது அந்த முடிவை மாற்றாது.

இனி என்ன செய்வது? முதலில் பெரிய வண்டியை விற்றுவிடுங்கள். பாக்கியைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் நிலையில் நீங்கள் இருப்பது அதிர்ஷ்டம். ஒவ்வொரு வருடமும் வண்டியின் விலை இறங்கும், இந்த நிலை நீடிக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். கொஞ்ச நாள் ஒரே காரில் இருவரும் போய்வர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், கையில் நிற்கும் பணத்தோடு சேமிப்பிலிருந்து கொஞ்சம் போட்டு, கடன் இல்லாமல் பழைய சின்ன கார் ஒன்று வாங்குங்கள். லிட்டருக்கு 20 கொடுத்தால் போதும். அப்போது இரண்டு வண்டிக்கும் சேர்த்து 1,400 கிலோமீட்டருக்கு 70 லிட்டர். இன்றைய 145இல் 75 குறைந்துவிட்டது. அதோடு பழைய கடனின் தவணை, அது ஒரு 145 லிட்டர் மதிப்பு, அதுவும் நின்றுவிட்டது. 75ம் 145ம் 220. புதுக் கடனின் தவணைக்குத் தேடிய 217 லிட்டரும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இந்த 220ஐச் செலவில் கரைய விடாமல், சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போடுங்கள். சேமிப்பில் எடுத்ததை முதலில் நிரப்பிவிட்டு மீதியை வளர விடுங்கள். பசுமை என்று பெயர் வைத்த ஃபண்டு எதையாவது யாராவது கொண்டுவருவார்கள். இரண்டு மூன்று வருடத்தில் எடுக்கப்போகும் பணத்துக்கு அது இடமில்லை, சாதாரண வைப்புத்தொகை போதும். பழைய கடன் முடிந்திருக்க வேண்டிய அந்த மூன்று வருடம் போனதும், மின்சார கார் விலையில் நல்ல ஒரு பங்கு கையில் இருக்கும். அப்போது வாங்கி, கணவரின் அலுவலகப் பாதையில் விடுங்கள். இரவில் வீட்டிலேயே சார்ஜ் போட வசதி உண்டா என்பதை மட்டும் இப்போதே பார்த்துவையுங்கள். வெளியில் விரைவு சார்ஜிங் நிலையத்தையே நம்பி இருந்தால் மிச்சக் கணக்கில் நல்ல ஓட்டை விழும். மின்சாரம்தானே என்று அண்ணன் வீட்டுக்கு அதையும் வார இறுதியில் அனுப்ப ஆரம்பிக்காதீர்கள். செலவு குறைந்த பொருளை நாம் அதிகமாகப் பயன்படுத்திவிடுகிறோம். 1865இல் நிலக்கரியை வைத்து ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் சொன்னது இதைத்தான்.

சுற்றுச்சூழல் ஆசையையும் கணக்கில் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அண்ணன் சொன்ன வழியில் மாதம் 57 கிலோ குறையும், மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைக் கழிக்காமலே. பெரிய வண்டியை விற்றால் உங்கள் பங்கில் 170 கிலோவுக்கு மேல் குறையும், ஒரு புது வண்டியும் வாங்காமல்.

அண்ணனிடம் யார் பேசுவது? உங்கள் கணவர். நீங்கள் பேசினால் அது மருமகள் கணக்குப் பார்க்கிறாள் என்று ஆகிவிடும், தம்பி பேசினால் வீட்டுக் கடன் விவகாரம் என்பதோடு நிற்கும். லிட்டர் கணக்கையெல்லாம் அவரிடம் காட்ட வேண்டாம், மனஸ்தாபம்தான் மிஞ்சும். “கடன் தாங்கவில்லை, வண்டியைக் கொடுக்கிறோம்” என்றால் போதும், அது உண்மையும்கூட. ஏழு பேரும் சேர்ந்து போக வேண்டிய நாளில் பெரிய வண்டி வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், அதில் ஒரு பங்கை நீங்களே மனமுவந்து கொடுங்கள். வருடத்தில் எத்தனை நாள் அப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். சொந்தக் காசில் வாடகை கொடுக்கும்போது வார இறுதிப் பயணம் பாதியாகக் குறைவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

விற்பதற்கு முன் வங்கியில் இரண்டு கேள்வி எழுத்தில் கேளுங்கள்: இன்றைய தேதியில் முழுப் பாக்கி எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா. ‘அந்தப் பாக்கியைப் புது வண்டிக் கடனில் சேர்த்துவிடலாம்’ என்று அங்கேயோ ஷோரூமிலோ சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வாங்குபவரின் பணம் நேரே கடன் கணக்குக்குப் போகட்டும். கடன் முடிந்ததற்கான சான்றை வாங்கிக்கொண்டு, பதிவில் வங்கியின் பெயரை நீக்கி, வாங்கியவர் பெயருக்கு வண்டி மாறும்வரை பின்தொடருங்கள். உங்கள் பெயரிலேயே நிற்கும் வண்டியை வேறு யாரோ ஓட்டுவது இனி வேண்டாம்.