கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு, அதை உண்டாக்கும் வைரஸின் புரதத்தையே குறிவைத்து மருந்து செய்ய முடியாதா?

முடியும் என்றுதான் பல ஆய்வுக்கூடங்கள் நம்புகின்றன. ஆனால் இவ்வகைச் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை.

இந்நோய் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் அது ஹெச்பிவி (மனிதப் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸால்தான் வருகிறது. அதன் 16ஆம் வகையை 1983இல் புற்றுத் திசுவில் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசன், 2008இல் நோபல் பரிசு பெற்றார். வைரஸின் இரண்டு புரதங்கள்தான் வில்லன்கள்: ஈ6, ஈ7. கெட்டுப்போன செல்லைச் சாகவைக்கும் பி53 என்ற காவல்காரனை ஈ6 அழிக்க வைக்கிறது. செல் பிரிவதற்குப் பிரேக் போடும் ஆர்பி புரதத்தை ஈ7 முடக்குகிறது. காவலும் போச்சு, பிரேக்கும் போச்சு.

இதில் நமக்குச் சாதகம் உண்டு. இப்புரதங்கள் நல்ல செல்லில் கிடையாது; புற்றுச் செல்லோ இவை இல்லாமல் வளராது. 1951இல் ஒரு நோயாளியிடம் எடுத்து இன்றுவரை வளர்க்கப்படும் ஹீலா செல்களில், ஈ6, ஈ7 மரபணுக்களை அடக்கும் ஈ2 என்ற வைரஸ் புரதத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். பல்லாண்டாகப் பெருகிய செல்கள் பிரிவதையே நிறுத்திவிட்டன!

பிறகு ஏன் மாத்திரை வரவில்லை? இவ்விரண்டும் நொதிகள் அல்ல. நொதிகளில் இருப்பதுபோல மருந்து போய் உட்கார வசதியான குழி இவற்றில் எளிதில் அகப்படுவதில்லை. அதனால் ஈ6, ஈ7ஐ அடையாளம் கண்டு தாக்க நோயெதிர்ப்புச் செல்களைப் பழக்கும் சிகிச்சைத் தடுப்பூசிகளும் சோதனையில் உள்ளன.

பெண்பிள்ளைகளுக்கு இப்போது போடும் ஊசி வேறு. அது வைரஸின் மேலுறைப் புரதமான எல்1ஐக் காட்டித் தொற்றைத் தடுக்கும். வந்த புற்றைக் குணமாக்காது.