ஊறிய பழைய மரத்தை உலர்த்தலாமா?

கேள்வி: குளம் தூர்வாரியபோது களிமண்ணுக்குள்ளிருந்து பழைய மரத்தூண் ஒன்று கிடைத்தது. உளிக்குறிகூட அழியவில்லை. நிழலில் போட்டு உலர்த்தலாமா?

பதில்: வேண்டாம். உளிக்குறி தெரிவதை வைத்து மரம் உறுதியானது என்று சொல்லிவிட முடியாது.

காற்று எட்டாத சேற்றில் பூஞ்சைகள் தலையெடுக்காது. ஆனால் சொற்ப ஆக்சிஜனிலும் பிழைக்கும் அரிப்புப் பாக்டீரியாக்கள் செல்லின் உட்குழிவில் ஒட்டிக்கொண்டு, சுவரை உள்ளிருந்தே தின்னும். சுவருக்கு வலுத்தரும் செல்லுலோஸ் போய்விடும், செல்களை ஒட்டவைக்கும், லிக்னின் என்ற கெட்டிப்பொருள் மிகுந்த அடுக்குதான் மிஞ்சும். காலியான இடத்தில் தண்ணீர் நிற்பதால்தான் தூண் தூணாகத் தெரிகிறது. அது வற்றும்போது நீரின் பரப்பு இழுவிசை மெலிந்த சுவர்களை உள்ளே இழுத்துச் சரிக்கும். மரம் சுருங்கிக் குறுக்கே வெடிக்கும். மறுபடி ஊறவைத்தாலும் பழைய உருவம் வராது.

அரிப்பு வெளியிலிருந்து உள்ளே போகும். வெளிறு, அதாவது மரத்தின் வெளிப்பக்க மென்பகுதி, முதலில் கெடும். வைரம் பாய்ந்த நடுப்பகுதி திடமாகவே இருக்கலாம். மெல்லிய ஊசியால் சில இடங்களில் குத்தி, எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உதிர்ந்த சிம்பு ஏதாவது இருந்தால் மேலீரத்தை ஒற்றிவிட்டு எடை போடுங்கள். 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி மீண்டும் எடை பாருங்கள். ஈர எடை 30 கிராம், உலர் எடை 5 கிராம் என்றால் நீர் 25 கிராம், அதாவது உலர் எடையில் 500 சதவீதம். வழக்கமான வகைப்பாட்டில் 400-ஐத் தாண்டினால் கடும் சிதைவு. 185-க்குக் கீழே என்றால் பெரும்பகுதி தப்பியிருக்கிறது. மணலோ துருவோ ஏறிய சிம்பில் உலர் எடை கூடிவிடும், சேதம் குறைவாகத் தெரியும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

இப்போதைக்குத் தூணைப் பிளாஸ்டிக் தொட்டியில் நல்ல தண்ணீரில் முழுக்க மூழ்கவையுங்கள். இருட்டும் குளிர்ச்சியும் அவசியம். வழுவழுப்பு தட்டினால் தண்ணீரை மாற்றுங்கள்; தேய்க்காதீர்கள். தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

பிறகு செய்வது ஆய்வகத்தின் வேலை. தண்ணீரின் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற, நீரில் கரையும் மெழுகு போன்ற பொருளை ஏற்றி, உறைநிலையில் உலர்த்துவார்கள். அதிகம் சிதைந்த மரத்துக்குப் பெரிய மூலக்கூறு, திடமான பகுதிக்குச் சிறியது. கரைசலை நீர்த்த நிலையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் அடர்த்தியாக ஊற்றினால், அது உள்ளே நுழையுமுன் தண்ணீர் வெளியேறி மரம் அமுங்கிவிடும்.

இரும்பு ஆணி இருந்தால் இன்னொரு தொல்லை. 1628-ல் ஸ்டாக்ஹோமில் மூழ்கி 1961-ல் மீட்கப்பட்ட வாசா கப்பலுக்கு 17 ஆண்டுகள் இந்தக் கரைசலைத் தெளித்தார்கள். ஆனால் நீருக்கடியில் வேறுவகைப் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய ஹைட்ரஜன் சல்பைடு ஏற்கெனவே கந்தகமாக மரத்தில் தங்கியிருந்தது. காற்றுப் பட்டதும், இரும்புத் துருவின் தூண்டுதலால் அது கந்தக அமிலமானது. உங்கள் தூணில் ஆணி இருந்தால் பிடுங்க வேண்டாம். இடத்தைப் படமெடுத்து, வருகிற நிபுணரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.