டெல்டாவுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. வின்ஃபாஸ்ட் தூத்துக்குடிக்கு வந்தது. எங்கள் திருவாரூர்ப் பக்கம் பெரிய வெளிநாட்டுக் கம்பெனி எதுவும் எட்டிப் பார்க்கவில்லையே, ஏன்? டெல்டாவைப் பாதுகாக்க 2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம்தான் கதவை அடைத்துவிட்டதா?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: சட்டத்தின் மேல் பழி போடாதீர்கள் ஐயா. அது தடுப்பது புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், தாமிரம், துத்தநாகம் உருக்கும் ஆலைகள், தோல் பதனிடுதல் போன்றவற்றை. அரிசி மில்லுக்கும் தேங்காய்ப் பவுடர் ஆலைக்கும் அதில் தடை இல்லை. நிலத்தடியிலிருந்து எரிவாயு எடுக்கும் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து மன்னார்குடிப் பக்கம் ஊர் ஊராக எழுந்ததை நேரில் பார்த்தவன் நான். அந்தச் சட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் பார்ப்பது வேறு. ஜப்பானின் ஜேபிக் வங்கி அந்நாட்டு உற்பத்திக் கம்பெனிகளிடம் ஆண்டுதோறும் கருத்துக் கேட்கிறது. எதிர்காலம் உள்ள நாடு என்று 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் முதலிடத்தில் வந்தது இந்தியா. இங்குள்ள சந்தை இன்னும் வளரும் என்பதுதான் முக்கியக் காரணம். சாலை, மின்சாரம் போன்ற வசதிகளில் அவர்களுக்குத் தயக்கமும் உண்டு. கார் கம்பெனி என்றால் துறைமுகமும், பக்கத்திலேயே உதிரிபாகம் செய்பவர்களும் வேண்டும். நம்மிடம் இருப்பது களிமண் வயலும் கார்த்திகை வெள்ளமும். சரி, கார் வேண்டாம்.

நெல்லுக்காக வருவார்கள், வந்தும் இருக்கிறார்கள். நான் வங்கியில் விவசாயக் கடன் பார்த்த காலம். நாங்கள் கடன் கொடுத்திருந்த ஒரு மில்லுக்கு வெளிநாட்டு உணவுக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். விலையைக் கேட்கவே இல்லை. “ஒரே ரகம், ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள், 400 டன் கிடைக்குமா?” என்றார்கள். வெளியே தார் ரோட்டில் மூன்று ரகம் கலந்து காய்ந்துகொண்டிருந்தது. அரசு கொள்முதல் நிலையத்தில் பொதுவாக 17 சதவீத ஈரப்பதம் வரை எடுப்பார்கள், அதற்கே நம் ஆட்கள் நாள் கணக்கில் குவியலுக்குக் காவல் கிடப்பார்கள். மில்காரர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். டீ குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் பக்கம் விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால், முதலில் நெல் உலர்த்தும் இயந்திரத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். அப்புறம், நாற்று விடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசி, 200 ஏக்கராவது ஒரே ரகமாக நடுங்கள்.