கிண்டியில் வேலை: பக்கத்திலேயே வாடகையா, செங்கல்பட்டிலிருந்து மின்ரயிலா?

வாடகை வித்தியாசத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ரயில் செலவு பெரிதல்ல. மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். காசு கரைவது இரு முனைகளிலும். வீட்டிலிருந்து நிலையத்துக்கு 20 ரூபாய், கிண்டியில் இறங்கி அலுவலகத்துக்கு 20 ரூபாய் என்று ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தால், போகவர 80. 25 நாளுக்கு 2,000 ரூபாய்! ஆகவே நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு கிடைத்தால் அதில் பாதி, 1,000 ரூபாய், மிச்சம்; வாடகை அதைவிடக் குறைவாகக் கூடினால் லாபமே.

செங்கல்பட்டு வரை வராமல் தாம்பரத்தோடு திரும்பிவிடும் வண்டிகள் நிறைய. இரவு ஷிஃப்ட் உள்ளவர்களுக்கு இதுதான் சிக்கல்: கடைசி வண்டியைத் தவறவிட்டு நாலு முறை டாக்ஸி பிடித்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு. ஏசி மின்ரயிலில் சாதாரண சீசன் செல்லாது.

பலரும் கவனிக்காத ஒன்று: பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப்படி (HRA) விலக்கின் ஒரு வரம்பு, சென்னையில் குடியிருந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 50%, செங்கல்பட்டில் 40%. அலுவலகம் எங்கே என்பது கணக்கில் வராது.

நகருக்குள் என்றால் அட்வான்ஸைப் பேசிக் குறையுங்கள். பத்து மாத வாடகை கேட்பது பழைய வழக்கம். 2017 வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாதம்தான். கரண்டுக்கு யூனிட் என்ன விலை, கோடையில் தண்ணீர் லாரிக்கு யார் பணம் என்பதையும் முன்பே எழுதி வாங்குங்கள்.